ஐந்தொகையில் ஏறாத ஐந்து வருடங்கள்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில், கடல் கடந்து போய்த் திரும்பியவனிடம் கேட்பதற்கென்றே சில கேள்விகள் வழிவழியாக இருந்துவருகின்றன. சம்பளம் என்ன, மிச்சம் என்ன, திரும்ப எப்போது பயணம், அந்தப் பக்கம் நம்மவர்கள் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். அங்கே நன்றாக இருந்ததா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. தப்பித்தவறி யாராவது கேட்டாலும், "என்ன இருக்கு, பிழைக்கப் போன எடந்தானே" என்று சொல்லிப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவதே முறை. நானும் இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த முறை பிசகாமல்தான் நடந்துவந்தேன். இப்போது எனக்கு அறுபது வயது கடந்துவிட்டது; என் பதிலைக் கேட்டு மனம் வருந்தக்கூடியவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆகவே எழுதிவைக்கிறேன்: 1994 முதல் 1999 வரை மலேசியாவின் பினாங்குத் தீவில் வேலைபார்த்த ஐந்து வருடங்களும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

"கொண்டுவிக்கப் போவது" என்பது எங்கள் பக்கத்து நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், சொல். சரக்கைக் கொண்டுபோய் விற்றுவந்த காலத்தில் பிறந்த அச்சொல், பிற்பாடு பர்மா, இலங்கை, மலாயா என்று வட்டித்தொழிலுக்குக் கப்பலேறியவர்களுக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது. மேலாளாகவோ (கடைப் பொறுப்பாளர்) அடுத்தாளாகவோ (அவருக்கு உதவியாளர்) சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு மூன்று வருடக் கணக்குக்குப் போவார்கள். கணக்கை முடித்து ஒப்படைத்தபின் ஊருக்கு வந்து சில காலம் இருந்துவிட்டு மறுபடியும் போவார்கள். பெண்டுபிள்ளைகளை உடன் அழைத்துப் போகும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களையும் வளவையும் (நடுமுற்றத்தையும்) படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தத் தூண்களில் சாய்ந்தபடி வருடங்களை மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டிருந்த பெண்கள் அந்தப் படங்களில் விழுவதில்லை. அவர்கள் இருந்ததனால்தான், போன இடத்தில் நன்றாக இருந்தேன் என்று ஆண்கள் வாய்திறந்து சொல்ல முடியாமல் போயிற்று என்று நினைக்கிறேன். காத்திருந்தவளுக்கு முன்னால் அந்தச் சொல் நியாயமாக இராது. பட்ட கஷ்டத்தைச் சொல்லலாம், கொண்டுவந்த மங்குச் சாமானைக் காட்டலாம். பட்ட சுகத்தைக் கடலிலேயே போட்டுவிட்டுத்தான் இறங்கவேண்டும்.

எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியை (என் தகப்பனாரை)ப் பெற்றவர், 1930களில் பினாங்குக்கு அடுத்தாளாகப் போனவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார் என்று சொல்வார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் அந்தத் தீவில் குண்டு போட்டுப் பிடித்துக்கொண்டபோது அங்கே அகப்பட்டு, 1946இல்தான் ஊர் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் உயிரோடிருந்த மனிதர், அந்தத் தீவைப் பற்றிச் சொன்னதை ஒரு கைவிரல்களுக்குள் அடக்கிவிடலாம். வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுகள் ஒரு கட்டு அவரிடம் இருந்தது. செல்லாக்காசான அதை எங்களுக்கு விளையாடக் கொடுத்தார். தகரப்பெட்டியில் பழைய பேரேடுகள் சில இருந்தன. தலைப்பில் சிவமயம், பிறகு தமிழ் வருடம், மாதம், தேதி, அப்புறம் வரவு பற்று; தொகைக்கு மேலே ரூபாய்க்குப் பதிலாக "வெள்ளி" என்று எழுதியிருக்கும். அந்த வயதில் ஐயா உண்மையாகவே வெள்ளிக்கட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார் என்று நம்பினேன்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் சீமையில் மழை என்பது எப்போதாவது வந்துபோகும் சம்பந்தி மாதிரி. வந்துவிட்டால் ஐயா என்ன வேலையாக இருந்தாலும் எழுந்துவந்து, வளவில் ஓட்டுச் சரிவிலிருந்து தண்ணீர் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, யாரிடமும் சொல்லாமல் தனக்குத்தானே "உஜான், உஜான்" என்பார். பத்திக்குள்ளிருந்து அப்பத்தா, "ஒங்க ஐயா ஆரம்பிச்சுட்டாக" என்று எங்களைப் பார்த்துச் சொல்லுவார். மழையை நிற்கவிடாமல் பிடித்துவைக்கும் மந்திரம் அது என்று எங்களுக்குள் ஒரு முடிவு இருந்தது. நாங்களும் நனைந்துகொண்டே "உஜான், உஜான்" என்று வளவைச் சுற்றி ஓடுவோம். அதற்கு என்ன பொருள் என்று அவரிடம் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. 1978இல் அவர் காலமானார்.

நான் போனது வட்டித்தொழில் நடக்கும் கிட்டங்கிக்கு அல்ல, தொழிற்சாலைக்கு. மதுரையில் ஒரு நூற்பாலையில் அடக்கவிலைக் கணக்காளராக இருந்தவன், பத்திரிகை விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன். 1994 செப்டம்பரில் கோலாலம்பூரின் பழைய சுபாங் விமான நிலையத்தில் இறங்கி, வேறு விமானம் மாறிப் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் போய்ச் சேர்ந்தேன். 1972இல் அங்கே சுதந்திர வர்த்தக வளாகம் அமைத்ததிலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்துவிட்டன. அவற்றில் ஒன்றில் எனக்கு வேலை. கம்பங்களிலிருந்து (கிராமத்தைத்தான் அங்கே கம்பம் என்கிறார்கள்) தொழிற்சாலைப் பேருந்துகளில் மலாய்ப் பெண்கள் மூன்று முறைமாற்றாக வந்து போவார்கள். நாங்கள் செய்த உதிரிப்பாகம் ஒவ்வொன்றும் அரிசியளவு, எண்ணிக்கை லட்சக்கணக்கில், அடக்கவிலையோ காசில் நாலு தசமதானம்.

மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. கணக்குப் பிரிவில் எல்லோரும் "கக்" என்று கூப்பிடும் மலாய்க்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார்; கக் என்றால் அக்கா. அவர் எழுந்து சன்னலோரம் போய்க் கண்ணாடியில் கைவைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், "ஹுஜான்" என்றார்.

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னவென்று கேட்டேன். அவர் வெளியே காட்டி, "ஹுஜான்லா" என்று மறுபடியும் சொன்னார். பக்கத்து மேசையில் இருந்த தமிழ்த் தம்பி, "மழைண்ணே, மலாய்ல மழையைத்தான் அப்படிச் சொல்றது" என்றான்.

ஐயா பினாங்கைப் பற்றிச் சொல்லாமல் வைத்திருந்தது எல்லாம் அந்த ஒரு சொல்லின் ஓட்டை வழியாக முப்பது வருடம் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. பள்ளத்தூரில் பிறந்து, தமிழைத் தவிர வேறு மொழியில் கணக்கெழுதத் தெரியாத மனிதருக்கு, மழையைக் கண்டதும் முதலில் வாயில் வந்தது மலாய்ச் சொல். மழையும் அங்கே வேறு மழைதான். எங்கள் ஊர் மழையைப் போல் மண்வாசனை காட்டி ஆசைகாட்டிவிட்டுப் போவதில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற தீவு அது. சொல்லிவைத்தாற்போல் பிற்பகலில் வந்து, முக்கால் மணிநேரம் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழாதபடி பெய்து, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் வெயிலை விட்டுவிட்டுப் போகும். அன்றைக்கு நான் வேலை ஒன்றும் செய்யவில்லை. இதையெல்லாம் அப்பச்சிக்கு மூன்று பக்கம் கடிதமாக எழுதினேன். "கடிதம் கிடைத்தது. மழையில் நனையவேண்டாம். முதல் மாதச் சம்பளம் வந்ததும் கோவிலுக்கு மகமை எடுத்துவைக்கவும்" என்று பதில் வந்தது.

அந்த முதல் மாதச் சம்பளத்தைப் பக்கத்து மேசைத் தம்பி எண்ணிச் சொன்னபோது, ரிங்கிட் என்று சொல்லாமல், இத்தனை வெள்ளி என்றான். அங்கே தமிழர்கள் பணத்தை இன்றும் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். சாலைக்குச் சடக்கு. காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுதல். "பசியாறிட்டீங்களாண்ணே" என்று கேட்காமல் ஒருநாளும் அவன் பேச்சைத் தொடங்கியதில்லை. ஊரில் என் அப்பத்தாவோடு போய்விட்டதென்று நான் நினைத்திருந்த அந்தச் சொல், கடலுக்கு அப்பால், காற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்த இருபத்தாறு வயதுப் பையன் வாயில் நல்ல உயிரோடு இருந்தது.

ஐயாவின் சுவட்டைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனுக்குப் போனேன். பினாங்கு வீதியும், தமிழர்கள் கடைத்தெரு என்று சொல்லும் மார்க்கெட் வீதியும் அந்தக் காலத்தில் எங்களவர்கள் தொழில் நடத்திய இடங்கள். கிட்டங்கி என்பது நீண்டு உள்ளே போகும் ஒரு கூடம்; ஒரே கூரையின்கீழ் பல மார்க்காக்கள் (தனித்தனி வட்டிக்கடைகள்), ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டியடி, அதாவது ஒரு மரப்பெட்டியும் அதன்முன் சாய்வுமேசையும் ஒரு பாயும்; பகலில் எந்த இடத்தில் உட்கார்ந்து கடன் கொடுத்தார்களோ அதே இடத்தில் இரவில் படுத்துக்கொள்வார்கள்; சமையல் எல்லோருக்கும் பொது. ஐயா இருந்த கிட்டங்கியின் எண்ணைப் பேரேட்டிலிருந்து குறித்துக்கொண்டு போயிருந்தேன். அந்த எண்ணில் ஒரு புடவைக்கடை இருந்தது. உள்ளே போய் நின்றேன். என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வேறு ஒன்றும் நடக்கவில்லை. இப்படிப்பட்ட தேடல்களில் ஏதாவது கிடைத்தது என்று சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஆனால் நடந்து திரும்பும் வழியில் சாப்பிட்ட சோற்றை மறக்கமாட்டேன். காண்டார் என்றால் தோளில் போடும் தூக்குக்கம்பு. கம்பின் ஒரு முனையில் சோற்றுக்கூடையும் மறுமுனையில் குழம்புப் பானையுமாகத் துறைமுகக் கூலிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் விற்ற சோறுதான் நாசி காண்டார். ஒரு குழம்பில் நிறுத்தாமல் கோழிக்குழம்பு, மீன்குழம்பு, பருப்பு என்று நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றி வெள்ளமாக்கித் தருவார்கள். செட்டிநாட்டுச் சமையலில் வளர்ந்த நாக்குக்கு அது முதலில் அபசாரமாகப் பட்டது. மூன்றாவது கவளத்தில் அபிப்பிராயம் மாறிவிட்டது. கடைக்காரர் எந்தப் பக்கம் என்று கேட்டார். காரைக்குடிப் பக்கம் என்றேன். "அடடா, நமக்கு ராமநாதபுரம்ல" என்று சொல்லி, கேட்காமலேயே இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். எங்கள் இருவர் ஊருக்கும் நடுவே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஊரில் இருந்தால் அதை யாரும் ஒரே பக்கம் என்று சொல்லமாட்டார்கள்.

1995 சித்திரையில் மனைவியும் இரண்டு வயது மகனும் வந்து சேர்ந்தார்கள். எங்கள் பரம்பரையில் கொண்டுவிக்கப் போன இடத்துக்குக் குடும்பத்தோடு போனவன் நானே முதல். ஆயர் ஈத்தாமில் வீடெடுத்தோம், ஆறாவது மாடி, சமையலறைச் சன்னலைத் திறந்தால் கெக் லோக் சி பௌத்தக் கோயிலின் கோபுரம் தெரியும். சீனப் புத்தாண்டுக்கு முப்பது இரவு அந்தக் குன்று முழுவதும் விளக்கேற்றிவிடுவார்கள். மகனை உறங்கவைக்க அந்த மாதத்தில் வேறு வித்தை ஒன்றும் வேண்டியிருந்ததில்லை. எதிர்வீட்டில் எழுபது வயதைக் கடந்த சீனப் பாட்டி ஒருவர் இருந்தார். அவருக்குத் தெரிந்தது ஹொக்கியன், என் மனைவிக்குத் தெரிந்தது பள்ளத்தூர்த் தமிழ். இருவருமாகச் சந்தை மலாயில் ஒரு நூறு சொல்லைக் கற்றுக்கொண்டு, அதை வைத்தே மருமகள்களைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசினார்கள். புத்தாண்டுக்கு அவர் வீட்டிலிருந்து ஆரஞ்சுப் பழங்கள் இரட்டைப்படையில் வரும். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து மனகோலம் என்ற எங்கள் பக்கத்துப் பலகாரமும் தேன்குழலும் போகும். மனகோலத்தைப் பாட்டி மேலும் கீழும் பார்த்துவிட்டு ஊறவைத்துச் சாப்பிடவேண்டுமா என்று கேட்டதை மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஜாதிக்காயைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எங்கள் வீடுகளில் ஜாதிக்காய் என்றால் கைப்பிள்ளைக்கு உரைமருந்து, ஜாதிபத்திரி என்றால் மசாலா. மரத்தையோ பழத்தையோ கண்ணால் பார்த்தவர் எவரும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் பினாங்கில் நட்டு வளர்த்த பயிர் அது. பாலிக் பூலாவ் போகும் மலைவழியில் மரத்திலேயே பார்த்தேன்: மஞ்சள் நிறத்தில், பிளந்து, உள்ளே கறுத்த கொட்டையைச் சுற்றிக் குங்குமச் சிவப்பில் பத்திரி. நாம் கொட்டைக்கும் பத்திரிக்கும் விலை கொடுத்துவிட்டுத் தூரப்போடுவது என்று நினைக்கும் சதையை அவர்கள் சீவிச் சர்க்கரையில் ஊறப்போடுகிறார்கள், உப்பில் போட்டுக் காயவைக்கிறார்கள், பிழிந்து குளிர்பானமாக்கிக் குடிக்கிறார்கள். முதல் வாய் தைலம் குடிப்பதுபோல் இருக்கும். அதற்குப் பிறகு வெயிலில் வேறு எதுவும் பிடிக்காது. டுரியானைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்று மனைவி விதித்த தடையை முதலில் மீறியது மனைவிதான் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

ஐந்து வருடத்தில் எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால், மாலைவெளிச்சம் என்பேன். பினாங்கு பூமத்தியரேகைக்கு ஐந்து பாகை வடக்கே இருப்பதால் வருடம் முழுவதும் பகல் ஏறக்குறைய ஒரே நீளம். அதோடு, 1982 முதல் மலேசியா தன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்துக்கொண்டதனால், சூரியன் ஏழரை மணியை ஒட்டித்தான் அடையும். ஐந்தரைக்கு வேலை விட்டால் கையில் முழுசாக இரண்டு மணி நேரப் பகல் மிச்சம் இருக்கும். மதுரையில் ஆலைவிட்டு வெளியே வந்தால் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்த நாளில் வேலையையும் உறக்கத்தையும் தவிர வேறு இருந்ததில்லை. இங்கேயோ, யாருக்கும் கணக்குக் காட்டவேண்டாத இரண்டு மணி நேரம் நாள்தோறும் கிடைத்தது. தொழிற்சாலைக்குப் பின்னால் கடற்கரை. எதிரே ஜெரஜாக் தீவு, ஒருகாலத்தில் தொழுநோயாளிகளையும் பிறகு கைதிகளையும் வைத்திருந்த இடம். நான் போவதற்குச் சற்று முன்புதான் அந்தச் சிறையை மூடியிருந்தார்கள். இடப்பக்கம் 1985இல் திறந்த பாலம், 13.5 கிலோமீட்டர், நேராகப் பார்த்தால் தண்ணீரில் கோடுபோட்டு வைத்ததுபோல் தெரியும். முதலில் நான் தனியாகவும், பிறகு மூவருமாகவும் அங்கே போய் உட்கார்ந்திருப்போம். என்ன செய்தோம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்க, எதிர்க்கரையின் கட்டடங்கள் மட்டும் வெகுநேரம் வெயிலில் இருக்கும்.

தைப்பூசத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் தைப்பூசம் என்றால் பழனிக்குக் காவடியோடு நடப்பது. நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடிப் புறப்படும். நானும் சிறுவயதில் அப்பச்சியோடு இரண்டுமுறை நடந்திருக்கிறேன். பினாங்கில் பூசத்துக்கு முதல்நாளைச் செட்டிப்பூசம் என்றே சொல்கிறார்கள். அன்று விடியலில் பினாங்கு வீதிக் கோவில்வீட்டிலிருந்து, 1894 முதல் அந்தத் தீவில் ஓடிவரும் வெள்ளி ரதத்தில் முருகன் புறப்பட்டு, காளைகள் இழுக்க நகரத்தைச் சுற்றி, இரவில் தண்ணீர்மலைச் சாலையிலுள்ள நகரத்தார் கோவிலுக்குப் போய்ச் சேருவார். 1857இல் கட்டிய அந்தக் கோவிலுக்குள் நுழைந்தவுடன் எனக்குக் கால்கள் தாமாகவே வழி கண்டுபிடித்தன. முகப்பு, தேக்குத் தூண்கள், நடுவில் வெளிச்சம் விழும் வளவு, பந்தி போடும் கூடம் என்று எங்கள் ஊர்ப் பெரியவீடு ஒன்றுக்குள்ளே தண்டாயுதபாணியைக் கொண்டுபோய் வைத்ததுபோல் இருந்தது.

ரதம் வரும் வழிதான் நான் எதிர்பாராதது. சாலையின் இருபுறமும் தேங்காய்களைக் குவித்துவைத்துக்கொண்டு காத்திருப்பவர்களில் பெரும்பகுதி சீனர்கள். பத்து இருபது அல்ல, நூற்றுக்கணக்கில், சிலர் ஆயிரக்கணக்கில் நேர்ந்துகொண்டு, ரதம் நெருங்கியதும் குடும்பத்தோடு நின்று உடைக்கிறார்கள். சிதறிய ஓடு கணுக்கால் உயரத்துக்கு ஏறிவிடும். நகராட்சி ஆட்கள் மண்வெட்டியால் வாரித்தள்ளி வழி செய்து கொடுத்தால்தான் காளைகள் நகரும். சாலை முழுவதும் இளநீர் ஓடி, செருப்பு ஒட்டும். ஒரு சீன முதியவர் கைகூப்பி நின்று, உச்சரிப்புப் பிசகாமல் "அரோகரா" என்றார். பிறகு திரும்பி, தேங்காய்க்காரனிடம் தம் மொழியில் பேரம் பேசத் தொடங்கினார். 1996 பூசத்தன்று மயிற்பீலி கட்டிய மரக்காவடியை நானும் எடுத்தேன். பழனிக்கு நடக்கும்போது காலடியில் இருந்தது செம்மண். இங்கே ஈரத் தார்ச்சாலை. தோளில் இருந்த கனம் ஒன்றே. ஐயாவும் இந்தச் சாலையில் காவடி எடுத்திருப்பார் என்பதை எவரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. மூன்று வருடக் கணக்குகளுக்கு நடுவே அவருக்கும் ஆண்டுக்கொரு செட்டிப்பூசம் இருந்திருக்கிறது, நாள்தோறும் பிற்பகல் மழை இருந்திருக்கிறது. இவை எந்தப் பேரேட்டில் ஏறும்?

வேலையையும் விட்டுவிடக்கூடாது, ஏனென்றால் சந்தோஷத்தில் பாதி அங்கேதான் கிடைத்தது. வருடக்கடைசிக் கையிருப்பு எண்ணும் இரவில் மேலாளர் முதல் காவலாளி வரை எல்லோரும் கிடங்கில் இறங்குவோம். கிடங்குப் பொறுப்பில் இருந்த சீனப் பெரியவர் கணினியை மதிப்பவர் அல்லர். மணிச்சட்டத்தை விரலால் தட்டியே தொகை சொல்லுவார். ஐயா எனக்குச் சொல்லிக்கொடுத்த பின்ன வாய்ப்பாடு, அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி 320இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும், அப்போது நினைவிலிருந்தது. இருவருக்கும் போட்டி வைத்துப் பிரிவே சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். பெரும்பாலும் அவர்தான் வென்றார். ஒருமுறை நான் வென்றபோது, மணிச்சட்டத்தைத் துடைத்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வந்து எடுத்துக்கொண்டார். விடிய நாலு மணிக்கு எண்ணிக்கை முடிந்து, அத்தனைபேரும் மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாயும் இழுத்த தேநீரும் சாப்பிட்ட அந்த விடியல்கள் நான்கு எனக்குக் கணக்கிருக்கிறது.

சிரமமும் இருந்தது. 1997இல் சுமாத்திராவிலும் களிமந்தானிலும் காடு எரிந்த புகை செப்டம்பரில் தீவை மூடியது. வாரக்கணக்கில் மலையும் தெரியவில்லை, பாலமும் தெரியவில்லை. அதே வருடத்தில் பணமும் சரிந்தது. 14 ரூபாயாக ஊருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளி, 1998 தொடக்கத்தில் 10 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஊரில் தங்கையின் கல்யாணம் வைத்திருந்த நேரம். அப்பச்சியின் கடிதங்களில் மட்டும் அந்த வருடம் வரிகள் கூடின. ஆனாலும், கணக்குப்படி நான் வருந்தவேண்டிய அந்த மாதங்களில் மனம் கணக்குக்குக் கட்டுப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மகன் எதிர்வீட்டுப் பாட்டியிடம் ஹொக்கியனில் பத்துவரை எண்ணக் கற்றுக்கொண்டு வந்து படிகளை எண்ணிக்கொண்டே ஏறியது அந்த வருடத்தில்தான்.

1999இல் அப்பச்சிக்கு உடம்பு முடியாமல் போக, ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் திரும்ப முடிவு செய்தோம். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, மூவரும் படகுத்துறைக்குப் போனோம். தீவுக்கும் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கும் நடுவே ஓடிய அந்தப் படகில் அப்போது பெருநிலத்துக்குப் போவதற்குக் காசு கிடையாது. தீவுக்கு வருவதற்குத்தான் வாங்கினார்கள். சும்மாவே அக்கரைக்குப் போய், துறையில் கோப்பி குடித்துவிட்டு, சில்லறை கொடுத்துத் தீவுக்குத் திரும்பினோம். அடுத்த வாரம் விட்டுப்போகப்போகிற இடத்துக்குள் நுழைய அன்று காசு கொடுத்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மகன் தடுப்புக்கம்பிக்கு இடையே முகத்தை வைத்துக்கொண்டு, நீரிணையில் நின்ற கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

மனைவி வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஊருக்குப் போயி, அங்க நல்லா இருந்தோம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதிக" என்றாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளுடைய அப்பத்தாவும் வளவுத்தூணில் சாய்ந்து காத்திருந்தவர்தான். தலையை மட்டும் ஆட்டினேன்.

படகு பாதிவழி வந்திருந்தபோது தீவின் மலை கறுத்துப்போய், ஆயர் ஈத்தாம் பக்கம் மேகம் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"உஜான் வருது. கொடியில துணி கெடக்கு."

படகு கரை தட்டுவதற்கு முன்பே எழுந்து, இறங்கும் வாசலுக்குப் பக்கத்தில் போய் நின்றோம்.